நீலம் ஏறாத குழாய்

எலும்பு மருத்துவமனையில் வேலை செய்பவர்கள் என் அக்காவை மீனம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "மீனை யாரு வேணும்னாலும் வளர்ப்பாங்க. நான் வளர்க்கிறது தண்ணி" என்பாள். யார் கேட்டார்கள்? சீட்டு எழுதும் பெண்ணிலிருந்து எக்ஸ்ரே எடுப்பவர் வரை எல்லாருக்கும் அவள் மீனம்மாதான்.

காத்திருப்புக் கூடத்தில், சீட்டு வாங்கும் ஜன்னலுக்கும் எக்ஸ்ரே அறைக்குப் போகும் நடைக்கும் நடுவே, ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம் என்கிற நீளத்தில் அந்தத் தொட்டி இருந்தது. உள்ளே உப்புத் தண்ணீர், பாறை, பவளம், கொஞ்சம் மீன். காலில் கட்டுப் போட்டவர்கள் எதிர் நாற்காலிகளில் உட்கார்ந்து, பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால், அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உட்காரும்போது ஊன்றுகோலை அதன்மேல் சாய்ப்பார்கள். கண்ணாடியின் ஓரமெல்லாம் கீறல். அக்கா வரும்போதெல்லாம் கீறல்களை விரலால் தடவிப் பார்ப்பாள், ஆனால் யாரையும் ஒன்றும் சொல்ல மாட்டாள். "கால் ஒடிஞ்சவங்ககிட்ட போய்க் கண்ணாடிக்காகச் சண்டை போடவா?"

வெறும் பெட்டியாக வந்த தொட்டி அது. பாறை அடுக்கியது அவள். பவளங்களை நகக்கண் அளவுத் துண்டுகளாகக் கொண்டுவந்து, பசை வைத்து ஒட்டி, விரல் நீளத்துக்கு வளர்த்ததும் அவள். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் பவளம் உயிருள்ள பிராணி. எலும்பின் மேல் மெல்லிசாய்த் தோல் போர்த்தது போல என்று சொல்வாள். அந்தத் தோலுக்குத்தான் நிறம். தோல் போனால் உள்ளே வெள்ளை.

மீன்களில் ஒரு கோமாளி மீன் ஜோடி இருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. அந்த இனத்தில் பெண்தான் பெரிது, அதிகாரமும் அதற்குத்தான். அக்கா தொட்டிக்குள் கையை விட்ட மறு நிமிடம் ஓடிவந்து கடிக்கும். ரத்தம் வராது, சுருக்கென்று இருக்கும். அதற்கு மாமியார் என்று பெயர். அதன் பின்னாலேயே பதுங்கித் திரியும் சின்ன ஆண் மீன் மாமனார்.

"இன்னிக்கு உன் மாமியார் என்ன சொன்னாங்க?" என்று சாயங்காலம் மாமா கேட்பார். மாமா என்றால் அக்காவின் கணவர். சாமான் வண்டி ஓட்டுகிறார்.

"எப்பவும் போலத்தான். வந்ததும் வராததுமா ஒரு கடி."

"எங்கம்மா தேவலை. பேச்சோட நிறுத்திக்கிறாங்க."

பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள்ளேயே அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. ஊசி போடாவிட்டால் உயிர் இல்லை என்கிற வகை. அம்மா இருந்தவரை வேளைக்குச் சோறு, வேளைக்கு ஊசி என்று நடந்தது. பிறகு அக்கா வளர்ப்பு மீன் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கடையின் பின்கட்டில் வலையும் வாளியுமாக நின்றவள், கடைக்காரர் கைவிட்ட ஒரு உப்புத் தொட்டியைத் தானாகப் பார்த்துப் பார்த்துத் தேற்றினாள். அதன்பிறகு அவளுக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, பல் மருத்துவர் வீடு, பயண அலுவலகம், வங்கி என்று ஊர் முழுக்கத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். அவையெல்லாம் மீன் மட்டும் உள்ள சாதாரணத் தொட்டிகள். பவளம் உள்ளது எலும்பு மருத்துவமனையில் மட்டும்தான். மற்றவை வயிற்றுக்கு, இது எனக்கு என்பாள்.

நேரத்துக்குச் சாப்பிடுவது அவளிடம் இல்லை. முழங்கை வரை உப்புத் தண்ணீரில் இருக்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பாள். வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். கடைசியாக எப்போது காட்டினாள் என்று எங்கள் யாருக்கும் நினைவில்லை. கேட்டால், "நல்லாத்தானே தெரியுது, எதுக்குப் போய் உட்கார்ந்துக்கிட்டு?" என்று தட்டிவிடுவாள்.

மழைக்காலம் முடிந்த சமயம் தொட்டியில் பாசி கண்டது.

முதலில் பாறையின் ஒரு மூலையில் பச்சையாய்ப் பூனை மயிர் போல. அக்கா அதைப் பழைய பல் பிரஷால் தேய்த்து உறிஞ்சி எடுத்தாள். அடுத்த வாரம் மறுபடி முளைத்தது, இன்னும் அடர்த்தியாக. பிறகு கண்ணாடி, பம்ப்பின் வாய், மணல் என்று பரவி, பவளத்தின் அடிக்காலைச் சுற்றிக்கொண்டது. பச்சை மயிர் பவளத்தின் தோலை உரசி உரசி, உரசிய இடமெல்லாம் சுருங்கியது. வாசலில் நிற்கும் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மீனம்மா, இப்ப புல்லு போட ஆரம்பிச்சிட்டீங்களா? ரெண்டு ஆடு புடிச்சிட்டு வரட்டுமா?" என்றார்.

"நீங்களே இறங்கி மேயுங்க அண்ணே, ஆட்டுக்குச் செலவு மிச்சம்."

மேலாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மருத்துவமனைக்குப் புதிய பிரிவு ஒன்று கட்டி முடிகிற தறுவாயில் இருந்தது. திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் இந்தக் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சுவர்களுக்கு வண்ணம் அடிக்க ஆட்கள் ஏணியோடு வந்துவிட்டார்கள். "திறப்புக்குள்ள தண்ணி தெளியணும். சாக்கடை மாதிரி இருக்கிறதை வச்சுக்கிட்டு நான் யாரையும் கூப்பிட முடியாது. தெளியலேன்னா டேங்கை எடுத்துட்டு நாற்காலி போடச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"தெளிஞ்சிடும் மேடம்" என்றாள் அக்கா.

அன்று வீட்டுக்கு வந்தவள் மாமியாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

பாசிக்குத் தீனி பாஸ்பேட். மீனுக்குப் போடும் இரையில் இருக்கிறது, மீனின் கழிவில் இருக்கிறது, குழாய்த் தண்ணீரிலும் இருக்கிறது. வயலுக்கு அது உரம், பவளத் தொட்டிக்கு நோய். முழுக்க இல்லாமலும் இருக்கக் கூடாது. பவளத்துக்கும் துளி வேண்டும். அந்தத் துளிக்கு மேல் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலையில் பெரும்பகுதி. தொட்டித் தண்ணீரைச் சிறிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, மருந்தைச் சொட்டி, பொடி போட்டுக் குலுக்கி, சற்று நேரம் நிறுத்தி வைத்தால், பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நீலம் ஏறும். வெளிர்நீலம் முதல் கருநீலம் வரை கட்டம் கட்டமாக அச்சிட்ட அட்டை ஒன்று உண்டு. குழாயை அதன்மேல் வைத்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். அக்கா ஜன்னலோரம் போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

நீலம் ஏறவே இல்லை. வெறும் தண்ணீர் போலவே இருந்தது.

அதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அறிந்த விஷயம் அது: பாசி மண்டிக் கிடக்கும் தொட்டியில் சோதனை பூஜ்யம் காட்டும். தண்ணீரில் கரைகிற பாஸ்பேட்டைக் கரையக் கரையப் பாசியே தின்றுவிடும். குழாய்க்கு மிச்சம் வைக்காது. "பூஜ்யம்னா ஒண்ணுமில்லேன்னு அர்த்தம் இல்ல. திருடன் வீட்டுக்குள்ளதான் இருக்கான், பர்ஸ் மட்டும் காலி" என்று எங்களுக்கு விளக்கினாள். இரையைக் குறைத்தாள். பாஸ்பேட்டை உறிஞ்சும் துரு நிறத்து மணிகளை ஓர் உருளையில் நிரப்பித் தண்ணீரை அதன் வழியே ஓடவிட்டாள். பாசியைத் தின்ன நத்தைகள் விட்டாள். இவற்றோடு, தொட்டித் தண்ணீரில் ஒரு பங்கை வாரம் ஒருமுறை மாற்றுவதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆக்கினாள்.

புதுத் தண்ணீர் மருத்துவமனையின் அடித்தளத்தில், தரைக்குக் கீழே இருந்த அறையில் தயாரானது. குழாய்த் தண்ணீரை வடிகட்டும் கருவியொன்று அங்கே சுவரில் மாட்டியிருந்தது. சுத்தம் செய்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, கேன்களில் பிடித்து, மாமா மாடிப்படி வழியாகத் தூக்கி வருவார். வடிகட்டி பழையது. தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்று காட்ட அதில் இருந்த சின்ன அளவுமானி எப்போதோ செத்துப்போயிருந்தது. புதுத் தண்ணீரையும் கண்ணாடிக் குழாயில் சோதிக்கிற பழக்கம் இருந்ததால் அக்கா அதைச் சட்டை பண்ணவில்லை. குழாயில் நீலம் வந்தால் வடிகட்டியை மாற்றுவது, வராதவரை ஓட்டுவது என்பது அவள் வழக்கம். புதுத் தண்ணீரிலும் நீலம் வரவில்லை.

"எண் காட்டுற மெஷின் ஒண்ணு இருக்குல்ல? தண்ணியை வச்சா அதுவே சொல்லுமாமே" என்றார் மாமா, கேனை இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"மெஷின் எண்ணைக் காட்டும். தண்ணியைக் காட்டாது. எனக்கு என் கண்ணு போதும்."

அந்த நாட்களில் அக்காவிடம் இன்னும் சில விஷயங்கள் இருந்தன. அப்போது நாங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. என் நீலத் துப்பட்டாவைக் காட்டி, "அந்தப் பச்சையை எடு" என்றாள். மாமாவுக்குக் கறுப்புச் சட்டை என்று சொல்லி அடர்நீலத்தில் வாங்கி வந்தாள். நாங்கள் சிரித்ததும், "நாள் பூரா நீல லைட்டு முன்னால நின்னா உனக்கும் இப்படித்தான் ஆகும். கண்ணுக்கு நீலம் அலுத்துப்போச்சு" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். பவளத் தொட்டியின் விளக்கு நீலம்தான். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் எனக்கும் உலகம் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரிந்ததுண்டு. அதனால் நம்பினோம்.

ஒருநாள் சந்தோஷமாக வந்தாள். "தண்ணிக்குள்ள சின்னச் சின்னப் பூச்சி நிறைய வந்திருக்குடி. கறுப்பா, தூசி மாதிரி, குதிச்சுக்கிட்டே இருக்கு. அது வந்தாலே டேங்க் திரும்புதுன்னு அர்த்தம்." அன்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டாள்.

தொட்டி திரும்பவில்லை. தண்ணீர் மாற்ற மாற்றப் பாசி கொழுத்தது. பவளத்தில் பாதி பச்சைக்குள் மறைந்துவிட்டது. கூடத்தின் ஒரு சுவருக்கு வண்ணம் அடித்து முடித்து, அடுத்த சுவருக்கு ஏணியை நகர்த்தினார்கள்.

மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், கேன் தூக்க நான் போனேன். அக்கா அடித்தளத்தில் இரண்டு குழாய்களில் மருந்து ஊற்றி வைத்திருந்தாள். ஒன்றில் தொட்டித் தண்ணீர், மற்றதில் அப்போது பிடித்த புதுத் தண்ணீர். இரண்டையும் என் கையில் கொடுத்து மேலே கொண்டுபோகச் சொன்னாள். படியேறி ஜன்னலுக்கு வந்தபோது எது எந்தக் கையில் இருந்தது என்று எனக்குக் குழம்பிவிட்டது.

"அக்கா, இதுல எது டேங்க் தண்ணி? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு."

"ரெண்டும் பூஜ்யம்னா ஒரே மாதிரிதான் இருக்கும். எதுவானா என்ன?"

"பூஜ்யம்னா நீலமாவா இருக்கும்?"

"என்ன நீலம்?"

"இதோ. ரெண்டுமே நல்ல நீலமா இருக்கே."

"விளையாடாதடி. எனக்கு வேலை இருக்கு." குழாய்களை வாங்கி வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஒரு கண்ணை மூடினாள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினாள். அட்டையை எடுத்து அதன்மேல் வைத்தாள். அட்டையில் இருந்த கட்டங்களை அவள் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். முதல் நாலைந்து கட்டங்களும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க. இது என்ன கலரு?"

காவலாளி வந்து குழாயை உற்றுப் பார்த்தார். "நீலம். ஏன், பந்தயமா? ஜெயிச்சா எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணே. போங்க."

அவர் போன பிறகும் அக்கா குழாய்களைக் கீழே வைக்கவில்லை. "நான்தான் ஊத்தியிருக்கேன்" என்றாள். பிறகு, "ஒவ்வொரு கேனும் பாசிக்குத்தான் தூக்கியிருக்காரு உங்க மாமா" என்றாள்.

வடிகட்டி உயிரை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பாசி தின்றுவிட்டுப் பூஜ்யம் காட்டுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த தண்ணீரில், தின்று தீர்க்க முடியாத அளவு பாஸ்பேட் இருந்திருக்கிறது. அதைக் குறைக்கத்தான் தண்ணீர் மாற்றினாள். மாற்றிய தண்ணீரோடு அது வந்தது.

கண் மருத்துவர் துளிமருந்து விட்டு, இருட்டறையில் நெடுநேரம் பார்த்தார். சர்க்கரையால் கண்ணின் பின்புறத் திரை கெட்டிருக்கிறது, சில பேருக்கு நீலம்தான் முதலில் போகும் என்றார். லேசர் வைத்து இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்ப வராது. இடது கண்ணில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொல்லி, "கறுப்பா புள்ளி புள்ளியா மிதக்கிற மாதிரி ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தண்ணிக்குள்ளன்னு நினைச்சேன்" என்றாள் அக்கா.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். கடைசியில், "மேடம்கிட்ட உள்ளதைச் சொல்லிடலாம். ஃபில்டரை மாத்தியாச்சு. இனிமே மெதுவா சரியாயிடும், டைம் கொடுங்கன்னு கேப்போம்" என்றார்.

"மெதுவான்னா எவ்வளவு மெதுவா தெரியுமா? பாறை பூராவும் அதை உறிஞ்சி வச்சிருக்கு. மாசக்கணக்கா கக்கும். அவங்க பெயின்ட் காயிற வரைக்கும்கூட காத்திருக்க மாட்டாங்க."

"இப்பவாவது அந்த மெஷினை வாங்கலாம்."

"வாங்கலாம். எண்ணை யாரு படிப்பா?" பிறகு கெஞ்சுவது போலச் சொன்னாள்: "கண்ணு தெரியாதவள்னு அவங்க வாயால சொல்லிக் கேக்க முடியாதுங்க என்னால. டேங்க் தெளியட்டும். தெளிஞ்ச டேங்கை ஒப்படைச்சிட்டு நானே சொல்றேன்."

பாஸ்பேட்டை வேகமாகக் குறைக்க ஒரு திரவம் உண்டு. சொட்டினால் தண்ணீர் பால்போல் கலங்கும். பாஸ்பேட் அதில் பிடிபட்டு வெள்ளைத் தூளாகிவிடும். தூளை வடிகட்டித் துணியில் பிடித்து எடுத்துவிடலாம். அக்காவின் அலமாரியில் ஒரு புட்டி இருந்தது, முத்திரை உடையாமல். மீன் கடைக்கு அந்தப் புட்டி கேட்டு வருகிறவர்களை அவள் திட்டி அனுப்புவாள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வேகமாக இறக்கினால் பவளம் தாங்காது. அதிகச் சாப்பாட்டுக்குப் பழகிய உடம்பைத் திடீரென்று பட்டினி போட்ட மாதிரி. இதை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

முத்திரையை உடைத்தாள்.

நான் லீவு போட்டுவிட்டுத் தினமும் அவளோடு போனேன். அவள் சொட்டினாள், நான் குழாயைப் பார்த்தேன். முதல் நாள் அட்டையின் நாலாவது கட்டத்தில் இருந்த நீலம், மறுநாள் இரண்டாவதுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கேட்டாள், நான் கட்டத்தைச் சொன்னேன். வழக்கமாக இங்கே நிறுத்தி, ஒரு வாரம் விட்டு, பவளம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் மேலே போக வேண்டும். மறுநாளும் சொட்டினாள்.

"இப்போ?"

"வெள்ளையா இருக்கு."

"யாரோட வெள்ளை? உன் வெள்ளையா, என் வெள்ளையா?"

"என் வெள்ளைதான்க்கா. நீலமே இல்ல."

முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பாசி முதலில் பழுத்தது, பிறகு சாம்பலாகிக் கொத்துக் கொத்தாகக் கழன்றது. அக்கா உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருந்தாள். திறப்பு நாளில் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது, கண்ணாடியே இல்லாதது போல. மாலையும் கையுமாக வந்தவர்கள் தொட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் அம்மா அக்காவின் தோளைத் தட்டி, "சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்க" என்றார். அக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் தெரியாதே தவிர, வெள்ளை அவளுக்கு நன்றாகத் தெரியும். மேல்வரிசைப் பவளமொன்றின் அடிக்காலில் விரல்நகம் அளவுக்குத் தோல் கழன்று, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா..."

"பாத்துட்டேன். எல்லாரும் போகட்டும்."

அதன்பிறகு அவளால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. செய்யாமலும் இருக்கவில்லை. மீன் இரையை அரைத்துக் கரைத்து ஊற்றினாள், விளக்கைக் குறைத்தாள், உரிந்த கிளைகளை இடுக்கியால் முறித்து எடுத்தாள். காலையில் ஒரு கிளையாக இருந்தது சாயங்காலம் ஒரு கொத்தாகியது. ஒரு வாரம் ஆவதற்குள் மேல்வரிசை முழுதும் எலும்பு. செத்தது அழுகித் தண்ணீர் கெட்டு, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மாமனார் வடிகட்டித் துணியில் செத்துக் கிடந்தது. எக்ஸ்ரேக்குக் காத்திருந்த ஒரு பெண் குழந்தை அதைக் கண்டு அழுததாகச் சீட்டு எழுதும் பெண் சொன்னாள்.

மேலாளர் அம்மா சத்தம் போடவில்லை. தன் அறையில் அக்காவை உட்காரச் சொன்னார்; நான் கதவருகே நின்றேன். "என்னம்மா ஆச்சு? அன்னிக்கு அவ்வளவு அழகா இருந்துச்சே?"

அக்கா சொன்னாள். வடிகட்டி, கேன்கள், குழாய், கண், புட்டி. ஒன்றையும் விடவில்லை.

மேலாளர் அம்மா மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா நான் காத்திருந்திருப்பேனே. ஒரு துணியைப் போட்டு மூடி வச்சிருந்திருக்கலாம்."

உண்மையிலேயே காத்திருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இப்போது சொல்வதற்கு எளிதான வார்த்தை அது. ஆனால் அக்கா நம்பினாள். அதற்குப் பிறகு பல நாள், சாப்பிடும்போதும் ஊசி போடும்போதும் திடீரென்று நிறுத்தி, "ஒரு துணி போட்டு மூடியிருக்கலாம்" என்பாள்.

தொட்டியைப் பிரிக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். அதை எப்படிப் பிரிப்பது என்று வேறு யாருக்குத் தெரியும்? மாமா குழாய் போட்டுத் தண்ணீரை வடித்தார். அக்கா பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து என்னிடம் கொடுத்தாள். வெள்ளைக் கிளைகள் பைக்குள் போகும்போது பீங்கான் உடைவது போலச் சத்தம் வந்தது. உயிரோடு மிஞ்சிய நாலைந்து மீன்களை வலையில் பிடித்து மீன் கடைக்காரரின் வாளியில் விட்டோம். மாமியாரை மட்டும் காணவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோவதாக அக்கா சொல்லியிருந்தாள்.

கிளறியதில் தண்ணீர் காபி நிறமாகியிருந்தது. அடியில் ஒரு சாண் ஆழம்தான் பாக்கி. நான் வலையை விட்டுத் துழாவினேன், கிடைக்கவில்லை. மாமாவும் பார்த்தார். வண்ணம் அடிப்பவர் ஏணியில் சாய்ந்துகொண்டு, தொட்டி மறைத்திருந்த சுவருக்கு எப்போது வழி கிடைக்கும் என்று காத்திருந்தார்.

"வலையை எடுங்க" என்றாள் அக்கா. முட்டிபோட்டு, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, வெறும் கையைக் கலங்கிய தண்ணீருக்குள் விட்டு அசையாமல் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள். காவலாளிகூட வாசலை விட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் தோள் வெடுக்கென்று அசைந்தது.

"இதோ இருக்காங்க" என்றாள். அந்த மாதம் முழுவதிலும் அப்போதுதான் அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

மீனை மூடியில்லாத வாளியில் விட்டு, அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். வீட்டில் ஒரு சின்னத் தொட்டியில் தண்ணீர் தயாராக இருந்தது. சரியான தண்ணீர், நான் சோதித்தது. வெயில் சரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கையை வாளிக்குள்ளேயே வைத்திருந்தாள். வாளியின் அடி அவளுக்குத் தெரியவில்லை. மீன் எங்கே இருக்கிறது என்று கைக்குத்தான் தெரியும்.

"இன்னும் கடிக்கிறாங்களா?" என்று மாமா கேட்டார்.

"கடிக்கிறாங்க."

மேம்பாலம் ஏறி இறங்கினோம். வேகத்தடையில் வண்டி குலுங்காமல் மாமா மெதுவாக ஏற்றினார். பின்னால் வந்தவன் ஒலிப்பானை அடித்தான். வழக்கமாகத் திட்டுகிறவர் அன்று திட்டவில்லை. எங்கள் தெரு திரும்பும் இடத்தில் மறுபடி கேட்டார்.

"இப்போ?"

"இப்போ இல்ல" என்றாள் அக்கா. கையை வெளியே எடுக்கவில்லை.